ஒரே பீஸ்

திருப்பூரில் யாரிடமும் "ஒரே ஒரு பீஸ்தான் வேணும்" என்று சொல்லக் கூடாது. கடன் கேட்கலாம்; டீ வாங்கிக் கொடுத்து, உட்காரவைத்து, இல்லை என்பார்கள். பெண் கேட்கலாம். ஆனால் ஒரு பீஸ் என்றதும் எதிரே இருப்பவர் முகத்தில் "உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்கிற அக்கறை வந்துவிடும். இங்கே நூல் மூட்டையில் வரும், துணி கிலோவில் வரும், ஆர்டர் ஆயிரத்தில் வரும். ஒன்று என்றால் சாம்பிள். சாம்பிளுக்குப் பின்னால் ஐயாயிரம் நிற்கிறது என்று அர்த்தம். பின்னால் எதுவுமே நிற்காத ஒன்று, இந்த ஊர்க் கணக்கில் பூஜ்யத்துக்கும் கீழே.

நான் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதுவும் தோலில்.

நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்கெழுதுகிறேன். சித்திரை மாதத்தில் பனியன் தைக்கிறவர்களே பனியனைக் கழற்றிவிட்டுத் தைக்கிற இடம். அங்கே உட்கார்ந்துகொண்டு, போர் விமானிகள் போட்ட மாதிரித் தோல் ஜாக்கெட் ஒன்றுக்கு முதுகில் படம் வரைந்து, நெஞ்சில் சின்னம் தைத்து, அவர்கள் நினைவாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நாற்பது தாண்டியதும் சிலர் புல்லட் வாங்குகிறார்கள், சிலர் மாலை போடுகிறார்கள். எனக்கு இது. சில காலைகளில் சூலூர்ப் பக்கமிருந்து கிளம்பும் போர் விமானத்தின் உறுமல் நெருப்பெரிச்சல் வரை கேட்கும். ஓவர்லாக் மெஷின் எல்லாம் ஓடும்போதே கேட்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பழியை அதன்மேல் போடுகிறேன்.

தோல் ஜாக்கெட்டை மச்சினன் சென்னை பெரியமேட்டிலிருந்து வாங்கி வந்தான். வெறும் ஜாக்கெட், அரக்கு நிறம், ஆட்டுத் தோல். அம்மா மோந்து பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இதை வூட்டுக்குள்ளாறயா வெக்கப் போறே?" என்றாள். அம்மாவுக்கு ஆட்டோடு உள்ள உறவு ஞாயிற்றுக்கிழமைக் குழம்போடு சரி.

அசல் எது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராணுவத்தின் வான்படை 1931இல் ஏற்றுக்கொண்ட ஏ-2 ஜாக்கெட். பெரும்பாலும் குதிரைத் தோல், சில சமயம் ஆட்டுத் தோல். முன்னால் ஜிப், சட்டைக் காலர், காலர் முனையை அழுத்திப் பூட்டும் பட்டன், கழுத்தில் லேபிள், லேபிளில் ஒப்பந்த எண். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஏரோ லெதர், ரஃப் வேர், பெர்ரி ஸ்போர்ட்ஸ்வேர் என்று பல கம்பெனிகள் ஆர்டர் பிடித்துத் தைத்துத் தள்ளின. ஒருவர் தைத்ததற்கும் இன்னொருவர் தைத்ததற்கும் காலர் வெட்டு மாறும், தோலின் நிறம் மாறும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இன்று சேகரிப்பாளர்கள் விலை சொல்கிறார்கள். இங்கேயாக இருந்தால் ஷேடு மாறுகிறது என்று பையர் மொத்த லாட்டையும் திருப்பியிருப்பார். 1943இல் அந்தப் படை தோலை விட்டுவிட்டுத் துணி ஜாக்கெட்டுக்கு மாறியது. துணிதான் கடைசியில் ஜெயிக்கும் என்பது எங்கள் முதலாளியும் சொல்வதுதான்.

ஆக, அதுவும் மொத்த ஆர்டர் சரக்குதான். அதை ஒற்றைப் பீஸ் ஆக்கியது போட்டுக்கொண்ட பையன்கள். பையன்கள் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். இருபது, இருபத்திரண்டு வயது. அரசாங்கம் எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்ததை வாங்கி, படையில் படம் போடத் தெரிந்த எவனையாவது பிடித்து, முதுகில் தன் விமானத்தின் பெயரை எழுதச் சொன்னார்கள். பெயருக்குக் கீழே வரிசையாகக் குட்டிக் குட்டி வெடிகுண்டுகள். ஒரு குண்டு என்றால் ஒரு முறை போய்த் திரும்பி வந்தாயிற்று என்று கணக்கு. இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்குப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகளுக்கு முதலில் 25 முறை போனால் வீட்டுக்குப் போகலாம் என்று விதி; பிறகு அது 30, 35 என்று ஏறியது. இருபத்துநாலாவது குண்டை வரைந்துகொண்டு, அடுத்ததற்கு முதுகில் இடம் விட்டு வைத்திருப்பவன் இரவு எப்படித் தூங்கியிருப்பான்? நானும் கணக்கெழுதுகிறவன்தான். அப்படி ஒரு பேரேட்டை நான் எழுதியதில்லை.

சின்னங்களுக்கு டிசைன் போட்டுக் கொடுத்தவர்களில் வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவும் உண்டு. போர் முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்பிரிவுச் சின்னங்கள் வரைந்து தள்ளினார்கள். சீனாவுக்காகப் போரிட்ட பறக்கும் புலிகள் அணியின் சிறகு வைத்த புலி அவர்கள் போட்டதுதான். அதே அணி விமான மூக்கில் வரைந்த சுறாமீன் வாய் இருக்கிறதே, அதன் கதை இன்னும் நன்றாக இருக்கும். அவர்கள் ஒரு பத்திரிகையில், வட ஆப்பிரிக்காவில் பறந்த பிரிட்டிஷ் அணியின் படத்தைப் பார்த்து வரைந்தார்கள். அந்த பிரிட்டிஷ் அணி, எதிரியான ஜெர்மன் விமானத்தைப் பார்த்து வரைந்தது. எதிரி கம்பெனி சாம்பிளைப் பார்த்து டிசைன் எடுப்பதை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

இதில் இந்தியக் கை இல்லையா? உண்டு. அசாமிலிருந்து இமயமலைக்கு மேலே சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன அமெரிக்க விமானிகளும் இந்த ஜாக்கெட் போட்டவர்கள்தான். சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும் சேர்ந்த அவர்களுடைய போர்முனைச் சின்னத்தை, தோலை வெட்டி வண்ணம் பூசியும் ஜரிகையில் தைத்தும் கொடுத்தவர்கள் இந்தியத் தையற்காரர்கள். சேகரிப்பாளர்கள் அமெரிக்காவில் தயாரானதைவிட இந்த உள்ளூர் வேலைக்கு அதிகம் ஏங்குகிறார்கள். சட்டத்தில் மாட்டி ஏலம் விடுகிறார்கள். தைத்தவர் பெயர் எதிலும் இல்லை. ஜாப் ஒர்க்கில் அது என்றைக்கும் வழக்கமில்லை.

சரி, என் முதுகில் என்ன வரைவது?

மச்சினன் மகன் கல்லூரியில் படிக்கிறான். குண்டுகள் வரிசையாகவும், மேலே நீச்சலுடையில் ஒரு பெண்ணும் வேண்டும் என்றான்; அதுதான் அசலாம். அசல்தான், மறுக்கவில்லை. என் மனைவி அந்த மாதிரிப் படத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, இது யாரு?" என்று மட்டும் கேட்டாள். அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

குண்டுகளை நானே வேண்டாம் என்றேன். விமானத்தில் சென்னைக்குப் போய்வந்ததே ஒரு முறை. அதிலும் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்தவன் உயிரைப் பணயம் வைத்துப் போட்ட புள்ளியை என் முதுகில் போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் போய்ப் பஜ்ஜி தின்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. 1943 கடைசியில் ஜெர்மனியில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஓர் அமெரிக்க விமானப்படை வீரனின் முதுகில் 'மர்டர் இங்க்' என்று எழுதியிருந்தது. அவனுடைய விமானத்தின் பெயர், அவ்வளவுதான். ஜெர்மன் பத்திரிகைகள் அந்த முதுகைப் படம் பிடித்துப் போட்டு, பாருங்கள், தாங்கள் கொலைகாரர்கள் என்று அவர்களே எழுதிக்கொண்டு வருகிறார்கள் என்று ஊரெல்லாம் பரப்பின. முதுகில் எழுதுவதை நாம் பார்க்க முடியாது. எதிரே வருகிறவன்தான் படிக்கிறான்.

எனக்கு முதலில் பிடித்திருந்தது வேறு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 என்ற மூன்று அணிகளுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர் சேர்த்திருந்தார்கள். மெட்ராஸ் மாகாணம் கொடுத்த போர் நிதிக்கு நன்றி. அந்தக் காலத்தில் 5,000 பவுண்டு கொடுத்தால் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்தின்மேல் கொடுத்தவர் பெயரை எழுதுவார்கள். உபயம் இன்னார் என்று. மூன்று அணிகளும் இங்கிலாந்தின் வானத்தில் 1940இல் சண்டை போட்டன. 79ஆம் அணி 1942இல் இந்தியாவுக்கே வந்து பர்மாமேல் பறந்தது. 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பழைய எழுத்தில் தோள்பட்டைக்குத் தோள்பட்டை எழுதி, நடுவில் ஒரு ஸ்பிட்ஃபயர். பிரமாதம்.

எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் காட்டினேன். அறுபதைத் தாண்டியவர், கத்தரியை வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

"இது வெள்ளைக்காரன் சின்னமுங்களா தம்பி?"

"ஆமாங்க மாஸ்டர். ஆனா நம்ம காசு."

"குமரன் சிலையைத் தாண்டித்தானுங் டவுனுக்குப் போவோணும்? முதுவுல இதைப் போட்டுட்டு எப்படிப் போவீங்க?"

கொடியைக் கீழே விடாமல் அடிபட்டுக் குமரன் செத்தது 1932 ஜனவரி. இந்திய விமானப்படை பிறந்தது அதே 1932, அக்டோபர் 8. பள்ளிக்கூடத்தில் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ததால் ஒரே வருஷம் என்பது எனக்கு அதுவரை உறைத்ததே இல்லை. பிரிட்டிஷ் அணியில் பறந்து செத்த பையன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் திருப்பூரில் பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தை முதுகில் சுமப்பதற்கு, ஒவ்வொரு சிக்னலிலும் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். மாஸ்டர் சொன்னது சரி.

"நம்மாளு யாரும் இல்லீங்களா?" என்றார்.

இருக்கிறார். பல்லடம் தாண்டினால் சூலூர். அங்கே 2020 மே மாதம் தேஜஸ் விமானங்களோடு மறுபடி பறக்கத் தொடங்கியது பதினெட்டாம் அணி, 'ஃப்ளையிங் புல்லட்ஸ்'. 1971 போரில் அந்த அணியிடம் இருந்தவை நாட் விமானங்கள். நிர்மல் ஜித் சிங் செகோன் அந்த அணிக்காரர். லூதியானா பக்கத்துக் கிராமத்துப் பையன், ஃப்ளையிங் ஆபீசர். டிசம்பர் 14 காலை, ஸ்ரீநகர் விமானதளத்தின்மேல் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் வந்து குண்டு போடுகின்றன. ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே செகோன் நாட் விமானத்தைக் கிளப்பி மேலே போகிறார். ஒரு சேபரைச் சுட்டார், இன்னொன்றில் தீப்பிடிக்க வைத்தார் என்கிறது விருதுக் குறிப்பு. மற்ற சேபர்கள் திரும்பி வர, நாலுக்கு ஒன்று. அவருடைய விமானம் மலையிடுக்கில் விழுந்தது. இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

"ஒருத்தர்தானுங்களா?" என்றார் மாஸ்டர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவரு இந்த மாதிரி தோல் சட்டை போட்டாருங்களா?" என்றார்.

"இல்லீங்க. துணி உடுப்புத்தான் போட்டிருப்பார்."

"அப்புறம் எதுக்குங் தோலு?"

இந்த மனிதர் ஐம்பது வருஷமாக வேஸ்ட்டைக் குறைத்துக் குறைத்தே வாழ்ந்தவர். தேவையில்லாத எதுவும் கண்ணில் பட்டுவிடும். நான் பதில் சொல்லவில்லை.

இனி வேலை. முதலில் பிரிண்டிங் பட்டறை. "எத்தன பீஸுங்?" என்றார். சொன்னேன். ஸ்கிரீன் போடும் செலவைச் சொன்னார்; ஐந்து கலர் என்றால் ஐந்து ஸ்கிரீன், ஜாக்கெட் விலையைத் தாண்டிவிடும். அதுவும் போகட்டும், பிரிண்ட் அடித்தால் க்யூரிங் மெஷினுக்குள் விட வேண்டும். 150 டிகிரிக்கு மேல் சூடு. "உள்ளே ஆடு போவுமுங். வெளிய என்ன வரும்னு நாஞ்சொல்ல மாட்டேன்" என்றார்.

அடுத்து எம்பிராய்டரி. போனில், "ஜாக்கெட்டுக்கு எம்பிராய்டரி பண்ணணும்" என்றேன். "ஆரி ஒர்க்குங்களா? முகூர்த்தம் எப்போ?" என்றார்கள். நேரில் கொண்டுபோய்க் காட்டியதும் பெரியவர் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். துணியில் ஊசி தப்பாக விழுந்தால் பிரித்துவிடலாம். தோலில் விழுந்த ஓட்டை மூடாது. நெருக்கமாக ஓட்டினால் ஓட்டை வரிசையிலேயே கிழிந்து படம் தனியாகக் கையில் வரும். அதனால் சின்னத்தைத் தனித் துணியில் ஓட்டி, ஓரத்தில் மட்டும் தையலை எட்டி எட்டிப் போட்டுத் தோலில் பிடிப்பதுதான் வழி. அந்தக் காலத்திலும் அப்படித்தான் தைத்திருக்கிறார்கள். படத்தை மெஷினுக்குப் புரியவைக்கும் பஞ்சிங் ஃபைல் போட ஒரு பீஸுக்கும் ஒரு லட்சம் பீஸுக்கும் ஒரே கூலி என்பதை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வருத்தத்தோடு சொன்னார். என் வருத்தம் அல்ல, மெஷினின் வருத்தம்.

முதுகுப் படம் கை வேலைதான். ஒரு போர்டு ஆர்ட்டிஸ்டைப் பிடித்தேன். ஒரு காலத்தில் பாலத்துச் சுவர்கள் முழுக்கப் பனியன் ஜட்டி விளம்பரம் எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு 'வீடு வாடகைக்கு' எழுதிக்கொண்டிருக்கிறார். எனாமல் பெயிண்டைத் திறந்தார். நான் டப்பாவை மூடினேன். எனாமல் தோலில் காய்ந்தால் மடிக்கிற இடத்தில் வெடிக்கும். எண்பது வருஷத்துப் பழைய ஜாக்கெட்டுகளில் படம் பாளம் பாளமாக வெடித்திருப்பது அதனால்தான். அசிட்டோன் தொட்டுத் தோலின் பளபளப்பைத் துடைத்து எடுத்து, அக்ரிலிக்கை மெல்லிசாக, காயவிட்டுக் காயவிட்டு ஏற்ற வேண்டும். "சுவத்துல இந்நேரம் ஒரு கிலோமீட்டர் போயிருப்பேன் சார்" என்றார்.

விமானம் நன்றாகவே வந்தது. நாட் குட்டி விமானம். இறக்கை முனைக்கு முனை 7 மீட்டர்கூட இல்லை, நீளம் 9 மீட்டருக்குள். எங்கள் கட்டிங் டேபிள் அதைவிட நீளம். மாஸ்டர் டேப்பை எடுத்து டேபிளின்மேல் அளந்து, சாக்பீஸில் கோடு போட்டுப் பார்த்து, "இதுக்குள்ளாறயா உக்காந்து போனாரு?" என்றார். அன்று மதியம் முழுக்க அந்தக் கோட்டை அழிக்காமல், தள்ளிப்போய்த் துணி விரித்தார்.

இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் ஆர்ட்டிஸ்ட் காவியைக் கொஞ்சம் சிவப்பாக்கினால் எடுப்பாக இருக்கும் என்றார். கூடாது என்று ஒரு கதை சொன்னேன். பர்மா முனையில் பறந்த நேச நாட்டு விமானங்களின் வட்டத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். ஜப்பானின் சிவப்பு வட்டம் என்று நினைத்துச் சொந்த ஆளே சுட்டுவிடக் கூடாதே. ஷேடு தப்பினால் இங்கே டெபிட் நோட்டு, அங்கே உயிர். அதற்குப் பிறகு அவர் சிவப்பு டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஆனால் அவருக்குள் இருந்த அஞ்சலி போஸ்டர்க்காரரை அடக்க முடியவில்லை. மறுநாள் போனபோது விமானத்தின் பின்னால் சூரியக் கதிர் வரைய பென்சிலில் கோடு போட்டிருந்தார். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று வளைவாக. கீழே ஒரு நீளக் கட்டம்.

"இது எதுக்குங்க?"

"இங்ஙனம் போட சார். உங்க பேரு, வீட்டுக்காரம்மா பேரு, மச்சான் குடும்பம். போட்டோ வேணுமின்னாலும் ஒட்டலாம்."

இந்தச் சேதி எப்படியோ வீட்டுக்குப் போய்விட்டது. மச்சினன் போன் செய்து, ஜாக்கெட் வாங்கி வந்தவன் என்ற முறையில் தன் பெயர் முதலில் வருமா என்று விசாரித்தான். அவன் மகன் தன் பெயருக்குப் பின்னால் படிப்பையும் போடச் சொன்னான். அன்றைக்கு மோந்து பார்த்ததிலிருந்து பக்கத்திலேயே வராத அம்மா, "அப்பாரு பேரையும் ஒரு ஓரமாப் போடச் சொல்லு சாமி" என்றாள். நம் ஊர் அஞ்சலிப் பேனர்களில் இறந்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் நன்றாகத் தெரிவார்கள். அழிரப்பரை வாங்கி நானே அழித்தேன். முதுகில் விமானம், அணியின் எண், தேதி. முன்பக்கம், விமானி தன் பெயரைத் தோல் துண்டில் அச்சடித்துத் தைக்கும் இடத்தில், ஒரே வார்த்தை: 'பிரதர்'. செகோனை அணியில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். அவர் எல்லாரையும் அப்படிக் கூப்பிட்டதால். பார்க்கிற ஆளையெல்லாம் அண்ணா என்கிற ஊரில் அது இருந்துவிட்டுப் போகட்டும். தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னேன். ஆர்ட்டிஸ்ட் சுவரெழுத்தில் கை தேர்ந்தவர். அந்த 'ர்' புள்ளியை வைத்த விதத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு காரியம். பெரியமேட்டில் வாங்கியதில் கைமுனையும் இடுப்பும் வெறும் தோல் மடிப்பு. ஏ-2வில் அந்த இரண்டு இடமும் கம்பளி நூலில் பின்னிய ரிப். மேலே அடிக்கிற காற்று உள்ளே போகாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வது அதுதான். இத்தனை பெருமைப்பட்ட தோல் ஜாக்கெட்டின் இரண்டு நுனியும் ஒரு வளையமும் பின்னலாடை! இதை மாஸ்டரிடம் சொன்னபோது அவர் முகத்தில் முதல்முறையாக அந்த ஜாக்கெட்மேல் மரியாதை வந்தது. காலர் ஓட்டும் நிட்டிங் மெஷின்காரர் ஒருவரிடம் அவரே கூட்டிப்போனார். நிறம் ஏற்றுவதற்குச் சாயப்பட்டறையில் சாம்பிள் மெஷின்கூடக் கிலோக் கணக்கில் துணி போட்டால்தான் சுற்றும் என்பதால், ஏற்கெனவே சாயம் ஏற்றிய நூலில் அரக்குக்குப் பக்கத்தில் வந்த ஒரு கோனைத் தேடிப் பிடித்து, லைக்ரா சேர்த்து ஓட்டினார்கள். மெஷின்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். "ஒரு பீஸுக்கு எப்பிடீங் பில்லு போடறது?" என்றார்.

போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். மார்கழிதான், ஆனாலும் முதல் மாடி ஏறுவதற்குள் உள்ளே மழைக்காலம் வந்துவிட்டது. முதலாளி சுற்றிவந்து பார்த்தார். பிரதர் யார் என்று கேட்டார், சொன்னேன், முழுதாகக் கேட்டார். மெர்ச்சண்டைசர் தம்பி முன்பக்கம், பின்பக்கம், கைமுனை என்று போட்டோ எடுத்து, நான் தடுப்பதற்குள் ஐரோப்பாவில் இருக்கும் பையருக்கு அனுப்பிவிட்டான்.

சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணா, பையருக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். இதையே ஃப்ளீஸ் துணியில, பிரிண்ட்ல கேக்கறாங்க. ஆனா அந்த நம்பர், தேதி, நெஞ்சுல இருக்கற பேரு, அதெல்லாம் எடுத்துடலாமான்னு கேக்கறாங்கண்ணா."

"முடியாதுன்னு சொல்லிடு தம்பி."

"சரிங்ணா." கொஞ்சம் தயங்கினான். "அப்ப அந்தக் கைமுனை ரிப்பு மட்டும் எங்க ஓட்டுனீங்கன்னு சொல்லுங்ணா. அதுல பத்தாயிரம் பீஸ் வேணுமாம்."